வெளிநாட்டுப் படையால் மனித உரிமையைக் காக்க முடியுமா? தொடக்க வாசகருக்கு ஒரு விளக்கம்

ஓர் அரசு தன் குடிமக்களில் ஒரு பகுதியினரைத் திட்டமிட்டுக் கொல்லும்போது, அல்லது பிறர் கொல்வதைத் தடுக்க அதற்கு வலுவோ மனமோ இல்லாதபோது, வேறொரு நாடோ பல நாடுகள் சேர்ந்தோ அந்த அரசின் சம்மதமின்றி, அம்மக்களைக் காப்பதற்கே வருவதாக அறிவித்துப் படை அனுப்புவதைச் சர்வதேச அரசியலில் மனிதாபிமானத் தலையீடு என்கிறார்கள். உணவும் மருந்தும் அனுப்புவது, தூதரக அழுத்தம் கொடுப்பது, பொருளாதாரத் தடை விதிப்பது ஆகியவை இதில் அடங்கா. சண்டையிட்ட தரப்புகள் ஒப்புக்கொண்ட பின்னர் நீலத் தொப்பியுடன் வந்து போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. அமைதிகாப்புப் படையும் அடங்காது. ஆயுதம், சம்மதமின்மை, மக்களைக் காப்பதாகச் சொல்லும் நோக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடத்திலேயே இந்தச் சிக்கல் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிக்கும் பிள்ளைக்கு இது ஒரு பாடத்தலைப்பாக வந்து சேரலாம். அந்தப் பிள்ளையின் அம்மம்மாவிடம் கேட்டால் இந்தியன் ஆமி வந்த காலத்தைப் பற்றிச் சொல்வார். வன்னியிலிருந்து மீண்டு வந்த உறவினரிடம் கேட்டால், 2009இல் யாராவது வருவார்கள் என்று வானத்தையும் கடலையும் பார்த்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்வார். வந்த படையையும் வராத படையையும் ஒருவர் தம் ஆயுளுக்குள்ளேயே கண்டிருக்கக்கூடிய ஊர் இது. ஆகவே இந்தக் கேள்விக்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் விடை கூறுபவரை நாம் சற்று ஐயத்துடன் நோக்குவது நியாயமே.

சட்டம் என்ன சொல்கிறது?

1945ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம், தன் 2ஆம் உறுப்புரையின் 4ஆம் பிரிவில், எந்த நாடும் வேறொரு நாட்டின் ஆட்புல ஒருமைப்பாட்டுக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தவோ, பயன்படுத்துவதாக அச்சுறுத்தவோ கூடாது என்கிறது. இதற்குச் சாசனம் தரும் விலக்குகள் இரண்டே. தாக்கப்பட்ட நாடு தற்காப்புக்காகப் போரிடலாம். உலக அமைதிக்கு ஆபத்து உள்ளதெனப் பாதுகாப்புச் சபை தீர்மானித்தால் அதன் அனுமதியுடன் படை பயன்படுத்தப்படலாம். மனித உரிமை மீறல் மூன்றாவது விலக்காக எங்கும் எழுதப்படவில்லை. நிக்கராகுவா தொடர்ந்த வழக்கில் 1986இல் தீர்ப்பளித்த சர்வதேச நீதிமன்றமும், மனித உரிமைகள் மதிக்கப்படுவதை உறுதிசெய்வதற்குப் படைபலம் பொருத்தமான வழியாக இருக்க முடியாது என்று அமெரிக்காவுக்கு எதிராகக் கூறியது.

இந்த இறுக்கத்துக்குக் காரணம் உண்டு. பிறரைக் காப்பாற்றப் போகிறோம் என்பது ஆக்கிரமிப்பாளரின் பழைய சாட்டு. 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவின் சுடெட்டன் பகுதியைக் கேட்டபோது, அங்குள்ள ஜெர்மானியர் ஒடுக்கப்படுகிறார்கள் என்றே ஹிட்லர் சொன்னார். 2022இல் உக்ரைனுக்குள் படை அனுப்பிய ரஷ்யா, அந்நாட்டின் கிழக்கிலுள்ள டொன்பாஸில் இனப்படுகொலை நடப்பதாகக் கூறியது. காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட ஆசிய, ஆபிரிக்க நாடுகள் இறைமையை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதற்கு வரலாற்று நியாயம் இருக்கிறது. அதே இறைமையைத் தம் மக்களைக் கொன்றவர்களும் கேடயமாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதும் வரலாறே.

நோக்கம் தூய்மையாக இருக்க வேண்டுமா?

தொடக்க நிலையில் பலர் இந்த இடத்திலேயே தடுக்கி விழுகிறார்கள். தலையிட்ட நாட்டுக்குச் சொந்த இலாபம் இருந்தது என்று காட்டிவிட்டால் தலையீடு போலி என்று நிறுவிவிட்டதாக அவர்கள் எண்ணுகிறார்கள். 1971ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் இராணுவம் நடத்திய படுகொலைகளிலிருந்து தப்பி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தனர். டிசம்பர் 3ஆம் திகதி பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்க, முழுப் போர் மூண்டு, 16ஆம் திகதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. பகைநாட்டை இரண்டாக உடைப்பதில் இந்தியாவுக்குப் பெரும் நன்மை இருந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனாலும் கொலைகள் நின்றன, அகதிகள் வீடு திரும்பினர், இந்தியப் படையும் சில மாதங்களுக்குள் பங்களாதேஷை விட்டு வெளியேறியது. ஐ.நா. பொதுச் சபையில் 104 நாடுகள் போர்நிறுத்தத்தையும் படை விலகலையும் கோரி வாக்களித்தபோது, இந்தியாவுக்குத் துணையாக நின்றது பாதுகாப்புச் சபையில் சோவியத் ஒன்றியத்துக்கு இருந்த, எந்தத் தீர்மானத்தையும் தனியாகவே தடுக்கக்கூடிய வீட்டோ அதிகாரமே. (இந்திய வான்வழி மூடப்பட்டிருந்த அந்தக் காலத்தில் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் செல்ல இலங்கை அனுமதித்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம், யாருடைய கைகளும் முழுச் சுத்தமாக இருக்கவில்லை.)

கம்போடியாவில் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு கிடைக்கிறது. நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் சாவுக்குக் காரணமான கெமர் ரூஜ் ஆட்சியை 1979 ஜனவரி 7ஆம் திகதி வீழ்த்தியது வியட்நாமியப் படை. தன் எல்லைக் கிராமங்கள் தாக்கப்பட்டதால் வந்த வியட்நாமை மனித உரிமைக் காவலன் என்று எவரும் அழைக்க மாட்டார்கள். பத்து ஆண்டுகள் அங்கேயே தங்கித் தனக்கு இசைவான அரசையும் அது நடத்தியது. அப்படியிருந்தும், அது வந்திராவிட்டால் இன்னும் எத்தனை இலட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அக்காலத்தில் உலகம் என்ன செய்தது என்றால், விரட்டப்பட்ட கெமர் ரூஜ் தரப்புக்கே ஐ.நா.வில் கம்போடியாவின் ஆசனத்தைத் தொடர்ந்து வழங்கியது.

ஆகவே, தூய நோக்கத்தை நிபந்தனையாக வைத்தால் வரலாற்றில் ஒரு தலையீடும் தேறாது. இலாபக் கணக்குப் போடாமல் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் அரசு இல்லை. நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டை: வந்த படை தான் வந்த வேலையோடு நின்றதா என்பதையும், காக்கப்பட்டவர்களுக்கு அது பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்ததா என்பதையும்.

வராமல் விட்டதன் விலை

தலையீட்டை முற்றாக எதிர்ப்பவர்கள் ருவாண்டாவுக்கு விடை சொல்ல வேண்டும். 1994 ஏப்ரல் தொடக்கம் ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேர் வரை, பெரும்பாலும் டுட்சி இனத்தவர், ஹூட்டு தீவிரவாதிகளால் அங்கு கொல்லப்பட்டனர். ஐ.நா. படை ஏற்கெனவே அங்கே இருந்தது. அதன் தளபதி ரோமியோ டலேர் கூடுதல் படை கேட்டுக்கொண்டிருந்தபோதே, பெல்ஜியப் படையினர் பத்துப் பேர் கொல்லப்பட்டதை அடுத்து பெல்ஜியம் தன் பிரிவைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 21ஆம் திகதி பாதுகாப்புச் சபை எஞ்சிய படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. கொலைகளை நடத்திய அரசின் பிரதிநிதியே அவ்வாண்டு பாதுகாப்புச் சபையில் உறுப்பினராக அமர்ந்திருந்தார். மறு ஆண்டு யூலையில், ஐ.நா. பாதுகாப்பு வலயமாக அறிவித்திருந்த பொஸ்னிய நகரான ஸ்ரெப்ரெனிகாவில், ஐ.நா. சார்பில் நின்ற நெதர்லாந்துப் படையினர் நிற்கவே ஏறத்தாழ எண்ணாயிரம் பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் பொஸ்னிய சேர்பியப் படையால் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். பாதுகாப்பு வலயம் என்று ஒரு நிலத்துக்குப் பெயரிட்டுவிட்டு அதைக் காக்கும் வலுவைத் தராமல் விடுவது, மக்களை ஓரிடத்தில் கூட்டி வைத்துக் கைவிடுவதாகவே முடியும் என்பதை வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு தோல்விகளின் நிழலில்தான் 1999இல் மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவின் நாடுகள், பாதுகாப்புச் சபையின் அனுமதியைப் பெறாமலேயே, யூகோஸ்லாவியாவின் கொசோவோ மாகாணத்தில் சேர்பியப் படைகளால் ஒடுக்கப்பட்ட அல்பேனியர்களைக் காப்பதற்கென்று அந்நாட்டின் மீது 78 நாட்கள் குண்டு வீசின. பின்னர் இதை ஆராய்ந்த சுயாதீன ஆணைக்குழு, அந்நடவடிக்கை சட்டவிரோதமானது, ஆயினும் நியாயமானது என்று முடிவு கூறியது. அல்பேனியர்கள் வீடு திரும்பியது உண்மை. திரும்பியபின் சேர்பியர்களும் ரோமாக்களும் பழிவாங்கப்பட்டு ஓடியதும் உண்மை. தம் விமானிகளுக்கு ஆபத்து வராதிருக்க நேட்டோ விமானங்கள் பெரும்பாலும் 15,000 அடிக்கு மேலிருந்தே குண்டு வீசின. காப்பவரின் உயிரும் காக்கப்படுபவரின் உயிரும் ஒரே தராசில் வைக்கப்படவில்லை என்பதை அந்த உயரமே சொல்லிவிடுகிறது.

கொசோவோவுக்குப் பின் எழுந்த சர்ச்சையைத் தீர்க்கக் கனடா அமைத்த ஓர் ஆணைக்குழு, 2001இல், "பாதுகாக்கும் பொறுப்பு" என்ற கோட்பாட்டை முன்வைத்தது. இறைமை என்பது ஆளும் உரிமை மட்டுமல்ல, குடிமக்களைக் காக்கும் கடமையும் அதில் அடங்கும். அக்கடமையில் ஓர் அரசு அப்பட்டமாகத் தவறினால் பொறுப்பு உலக சமூகத்திடம் செல்லும் என்பது அதன் சாரம். 2005ஆம் ஆண்டு உலக உச்சி மாநாட்டில் எல்லா நாடுகளும், இலங்கை உட்பட, இதை ஏற்றுக்கொண்டன. இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச்சுத்திகரிப்பு, மானிடத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்குக்கே இது பொருந்தும்; படை அனுப்புவதென்றால் பாதுகாப்புச் சபையின் வழியாகவே செல்ல வேண்டும். அதாவது அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்று மறுத்தாலும் கதவு மூடிவிடும். சிரியாவில் அதுவே நடந்தது.

கதவு திறந்த இடம் லிபியா. கிளர்ச்சியாளர் வசமிருந்த பெங்காசி நகரை ஆட்சியாளர் கடாபியின் படைகள் நெருங்கிய நிலையில், 2011 மார்ச் 17ஆம் திகதி பாதுகாப்புச் சபை பொதுமக்களைக் காக்க அனுமதி வழங்கியது. பத்து நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்தும் வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. பெங்காசிக்கு வந்த ஆபத்து சில நாட்களிலேயே விலகிவிட்டது, குண்டுவீச்சு மட்டும் ஒக்ரோபரில் கடாபி கொல்லப்படும்வரை ஓயவில்லை. மக்களைக் காப்பது என்ற ஆணை ஆட்சியை மாற்றுவது என்ற வேலையாக மாறியதென்று பிரித்தானிய நாடாளுமன்றத்தின் வெளிவிவகாரக் குழுவே 2016இல் குறை கூறியது. அதற்குள் லிபியா இரண்டு அரசுகளாகவும் பல ஆயுதக் குழுக்களாகவும் பிளந்திருந்தது.

யாழ்ப்பாணம், 1987

வந்த வேலையோடு நில்லாமை என்னும் இந்தக் குறையை நம் மண்ணில் இன்னும் அருகிலிருந்து பார்க்கலாம். 1987 தொடக்கத்திலிருந்து குடாநாட்டுக்கு எரிபொருள் வரவிடாத தடை. மே 26ஆம் திகதி வடமராட்சி மீது இலங்கை இராணுவத்தின் பெரும் படையெடுப்பு. யூன் 3ஆம் திகதி இந்தியா நிவாரணப் படகுகளை அனுப்ப, இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து அன்டனோவ் விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, கொழும்பின் சம்மதமின்றி யாழ்ப்பாணத்தின் மேல் ஏறத்தாழ 25 தொன் உணவுப் பொருளைப் போட்டுச் சென்றன. பல இலட்சம் மக்களுக்கு அது ஆளுக்கொரு கைப்பிடி அளவும் வராது. ஆனால் அதன் வேலை வயிற்றை நிரப்புவதன்று, படையெடுப்பை நிறுத்துவது, அது நின்றது. குறுகிய நோக்கம், குறைந்த பலம், உடனடிப் பயன் என்ற அளவில், சர்வதேசச் சட்டத்தை மீறிய அந்தச் செயல் மக்களுக்கு உதவியது என்றே நான் கருதுகிறேன்.

யூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட, மறுநாளே இந்திய அமைதிகாக்கும் படை பலாலியில் வந்து இறங்கியது. பாடப்புத்தக வரையறைப்படி இது தலையீடே அன்று, ஏனெனில் கொழும்பு அரசே அழைத்திருந்தது. அந்தச் சம்மதம் யாருடையது என்று இங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். எந்த மக்களின் பெயரால் படை வந்ததோ அவர்கள் உடன்படிக்கையில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களோ திருகோணமலைத் துறைமுகத்தை வேறு நாடுகளின் இராணுவத்துக்குக் கொடுக்காதிருப்பதையும், எண்ணெய்க் குதங்களை இந்தியாவுடன் சேர்ந்து சீரமைப்பதையும், வெளிநாட்டு வானொலி நிலையங்களை மறுபரிசீலிப்பதையும் பற்றிப் பேசின. மக்கள் மாலையிட்டு வரவேற்றார்கள் என்பதில் ஐயமில்லை. மாலையிட்டவர்கள் வந்தவர்களிடம் தம் பாதுகாப்பைத்தான் எதிர்பார்த்தார்கள்.

இடையில் நிற்க வந்த படை, விடுதலைப் புலிகள் உள்ளிட்ட ஒரு தரப்பிடம் ஆயுதங்களைக் களையும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டபோது அதன் வேலையின் தன்மையே மாறிவிட்டது. செப்ரெம்பர் 15 முதல் 26 வரை நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் நீரும் அருந்தாது உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டது இந்தியாவிடம் முன்வைத்த கோரிக்கைகளுக்காகவே. ஒக்ரோபர் 10ஆம் திகதி இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் தொடங்கியது. அதே மாதம் 21ஆம் திகதி, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப் படையினர் சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உள்ளிருந்து புலிகள் சுட்டதற்குப் பதிலளித்ததாக இந்தியத் தரப்பு கூறியது. உயிர்தப்பிய ஊழியர்கள் அதை மறுத்தனர். ஆஸ்பத்திரியில் ஆண்டுதோறும் அந்த நாள் நினைவுகூரப்படுகிறது. அதன்பின் 1990 மார்ச் 24ஆம் திகதி கடைசிப் படையினர் கப்பலேறும்வரை சுற்றிவளைப்பும், முகத்தை மறைத்துத் தலையாட்டி ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளும், பாலியல் வன்முறையும், படையின் நிழலில் இயங்கிய குழுக்களின் கட்டாய ஆட்சேர்ப்பும் மக்களின் அன்றாடமாயின. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் படையினரும் இறந்தனர்.

படையினர் கெட்டவர்கள், ஆகவே கெட்டது நடந்தது என்று இதை முடித்துவிடுவது எளிது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண் எங்கே போய் முறையிட்டிருப்பார்? கொழும்பிலோ டில்லியிலோ நடைமுறையில் அவருக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. தன் சொந்த அரசை வாக்கினாலோ வழக்கினாலோ கேள்வி கேட்க ஒரு குடிமகனுக்குக் கொஞ்சமேனும் வாய்ப்பு உண்டு. வந்த படைக்கு அவர் வாக்காளரும் அல்லர், வழக்காடியும் அல்லர். உரிமை என்பது ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "நீ எனக்குப் பதில் சொல்" என்று கேட்கக்கூடிய நிலை என்றால், கேட்க முடியாத ஒரு படையால் உயிரைக் காக்க முடிந்தாலும் உரிமையைத் தர முடிவதில்லை.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1999இல் பெல்கிரேட் தொலைக்காட்சி நிலையத்தின் மீது நேட்டோ குண்டு வீசியதில் 16 பேர் இறந்தனர். உறவினர்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, வானிலிருந்து குண்டு வீசியதால் மட்டும் இறந்தவர்கள் அந்நாடுகளின் நியாயாதிக்கத்துக்குள் வந்துவிட மாட்டார்கள் என்று 2001இல் அந்த மனு நிராகரிக்கப்பட்டது. மறுபுறம், ஸ்ரெப்ரெனிகாத் தாய்மார் நெதர்லாந்து நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காக வழக்காடினர். படைமுகாமுக்குள் அடைக்கலம் தேடி, வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 350 ஆண்களின் சாவுக்கு நெதர்லாந்து அரசு பத்து வீதம் பொறுப்பு என்று 2019இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து வீதம் என்பது மிகச் சிறியது. அந்தத் தாய்மாரும் அதில் நிறைவடையவில்லை. ஆனாலும் காக்க வந்த ஓர் அரசை, காக்கப்படாதவர்கள் அதன் சொந்த நீதிமன்றத்தில் நிறுத்திய அரிய நிகழ்வு அது.

முள்ளிவாய்க்காலும் மற்ற வழிகளும்

2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த இறுதிப் போரைப் பற்றிப் பேசும்போது, படை வந்திருந்தால் எல்லாம் வேறாக இருந்திருக்கும் என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது. அரச படைகளின் எறிகணை வீச்சையும், மக்களை வெளியேற விடாது புலிகள் தடுத்ததையும் அக்குழு பதிவு செய்தது. ஆனால் படை அனுப்புவதற்கும் கைகட்டி நிற்பதற்கும் இடையில் எத்தனையோ படிகள் இருந்தன என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. 2008 செப்ரெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறாதிருந்திருக்கலாம். தம் கையிலிருந்த உயிரிழப்புக் கணக்கை உரிய காலத்தில் உலகுக்குச் சொல்லியிருக்கலாம். இவற்றையெல்லாம் ஐ.நா.வே நியமித்த உள்ளக மீளாய்வுக் குழு 2012இல் ஒரு பெருந்தோல்வியாக ஒப்புக்கொண்டது. புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டோரைக் கப்பலில் ஏற்றிச் சென்ற செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கையில் துப்பாக்கி இருக்கவில்லை. அந்தக் கப்பல்கள் கூடுதலாகவும் நெடுநாளும் வருவதற்கு வேண்டியிருந்தது அரசியல் அழுத்தம். போர் முடிந்த அதே மே மாதத்தில் மனித உரிமைகள் பேரவை 29 வாக்குகளால் நிறைவேற்றிய தீர்மானமோ இலங்கை அரசைப் பாராட்டும் தொனியிலேயே அமைந்தது. அதை ஆதரித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று.

தலையீட்டுக்கான அனுமதியைச் சீர்செய்யும் முயற்சிகள் இன்று பெரும்பாலும் வீட்டோ அதிகாரத்தைச் சுற்றியே நடக்கின்றன. பாரிய கொடுமைகள் நிகழும்போது ஐந்து நாடுகளும் அதைப் பயன்படுத்தாதிருக்க வேண்டும் என்று பிரான்ஸும் மெக்சிகோவும் கேட்டுவந்துள்ளன. 2022 ஏப்ரலில் ஐ.நா. பொதுச் சபை, வீட்டோ பயன்படுத்தப்படும் ஒவ்வொரு முறையும் அது குறித்துத் தான் கூடி விவாதிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஆனால் 2009இல் இலங்கை விடயம் பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலுக்கு வரவே இல்லை. உறுப்பு நாடுகள் சபை மண்டபத்துக்கு வெளியே முறைசாராமல் கூடிப் பேசிக் கலைந்தன. பயன்படுத்தப்படாத வீட்டோவுக்கு எந்தப் புதிய விதியும் பொருந்தாது என்பதால், அதே போன்ற ஒரு நிலைமை நாளை வேறொரு கடற்கரையில் உருவானாலும் இந்தச் சீர்திருத்தங்கள் அதைத் தொடப்போவதில்லை.